குத்துச்சண்டையில் அலியா, டைசனா? முதலில் எந்த அலி என்று சொல்

குழு: வண்ணாரப்பேட்டை வீடு

பிரபு, இரவு 8:42
1988-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்த மைக் டைசன் முன்னால் முகமது அலியை நிறுத்துங்கள். ஆறு ரவுண்டு தாண்டாது.

பெரியப்பா, 8:44
எந்த அலி?

பிரபு, 8:44
அலி என்றால் அலிதானே பெரியப்பா!

பெரியப்பா, 8:51
அப்படி இல்லப்பா. வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று சொன்னதற்காக 1967 முதல் 1970 வரை மூன்றரை வருஷம் அவரை ரிங்கில் ஏறவிடவில்லை. 25 வயதிலிருந்து 28 வரை! கால் பறக்கிற வயது அது. அதற்கு முன் இருந்தவர் வேறு, திரும்பி வந்தவர் வேறு. 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸோடு ஆடியதைப் போட்டுப் பார். மூன்றே ரவுண்டு. வில்லியம்ஸின் குத்து போய்ச் சேர்வதற்குள் அலி வேறு இடத்தில் நிற்கிறார்.

சித்தப்பா, 8:53
அண்ணே, பழைய உலக சாம்பியன் ராக்கி மார்சியானோவை விட்டுவிட்டீர்களே. 49 சண்டை, 49 வெற்றி. கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு, அலி 13-வது ரவுண்டில் விழுவார் என்று சொன்னதே!

கவிதா, 8:56
அதற்காக இருவரையும் 1969-இல் ரிங்கில் நடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள் சித்தப்பா. மார்சியானோவுக்கு அப்போது 45 வயது. படம் வெளிவரும் முன்பே விமான விபத்தில் போய்விட்டார், பாவம். ஆனால் அவர் எடை 85 கிலோ அளவுதான். இன்றைக்கு என்றால் ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே, க்ரூசர்வெயிட்டில் ஆடுவார். 96 கிலோ அலியிடம் எனக்கு அந்த முடிவு ஒப்பவில்லை.

பிரபு, 8:58
டைசனிடம் அந்தப் பேச்சே இல்லை அக்கா. அலியைவிட 13 செ.மீ. குள்ளம், ஆனால் 99 கிலோ. ஜாபுக்கு, அதாவது முன்கையை நேராக நீட்டி விடுகிற குத்துக்கு, அடியில் குனிந்து உள்ளே வந்துவிடுவார். அப்புறம், அலியைக் கடைசியாக 1981-இல் ஜெயித்தவர் பெர்பிக். அதே பெர்பிக்கை டைசன் இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தார்.

பெரியப்பா, 8:59
1981-இல் அலிக்கு 39 வயது. அதை எடுத்து வராதே, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பிரபு, 8:59
சரி பெரியப்பா, அதை விட்டுவிடுகிறேன்.

கவிதா, 9:03
ஆனால் பிரபு பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அலிக்கு ஆகாதது இடது ஹூக், பக்கவாட்டில் வளைந்து வருகிற குத்து. 1963-இல் லண்டனில் ஹென்றி கூப்பர் நாலாவது ரவுண்டில் விழவைத்தார், மணி அடித்ததால் அலி பிழைத்தார். 1971-இல் ஜோ ஃப்ரேசியர் 15-வது ரவுண்டில் அதே இடது ஹூக்கில் தள்ளினார். கையைத் தாழ்த்தித் தலையைப் பின்னால் இழுக்கிற பழக்கம்தான் காரணம். கூப்பர் 84 கிலோ. அந்த இடத்தில் டைசன் இருந்தால்?

பெரியப்பா, 9:14
சரியான கேள்வி. அதனால்தான் பேட்டர்சனைப் பார்க்கச் சொல்கிறேன். டைசனுடைய வாத்தியார் கஸ் டமாட்டோ. அதே வாத்தியாரிடம் முதலில் படித்தவர் ஃபிளாய்ட் பேட்டர்சன். இரண்டு கையையும் கன்னத்தோடு ஒட்டிவைத்துக் குனிந்து நுழைகிற அதே ஆட்டம். அவரும் 21 வயதில் சாம்பியன் ஆனவர், டைசன்தான் 20 வயதில் அந்தச் சாதனையை முறியடித்தார். அந்தப் பேட்டர்சனை அலி 1965-இல் லாஸ் வேகஸில் 12-வது ரவுண்டு வரை ஜாபிலேயே வைத்திருந்து முடித்தார். உள்ளே வந்தபோதெல்லாம் கழுத்தைப் பிடித்து அழுத்திவிட்டார். கிட்ட வந்தவரை அப்படிக் கட்டிப்போடும் பலம் அவருக்கு உண்டு.

1980-இல் அலி நம் நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினாரே, நான் கேலரியில் இருந்தேன். 40-ஐ நெருங்கிவிட்டார், உடம்பும் கனத்துவிட்டது. அப்போதும் அந்த ஜாப் கிளம்புவது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிரபு, 9:17
பேட்டர்சனுக்கு அன்றைக்கு முதுகுப் பிடிப்பு பெரியப்பா. நிற்கவே முடியவில்லை. எடையும் 88 கிலோதான். அதை எப்படி டைசனுக்குச் சாட்சியாக எடுப்பது?

பெரியப்பா, 9:19
எடை விஷயத்தில் உன்னை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் 1987-ஐப் பார். ஜேம்ஸ் ஸ்மித் 12 ரவுண்டும் டைசனைக் கட்டிப்பிடித்தே நின்றார். தோற்றார், ஆனால் விழவில்லை. ஸ்மித்துக்கு அலியின் கால் இல்லை, அலியின் கை இல்லை.

கவிதா, 9:22
எத்தனை ரவுண்டு என்று யாரும் சொல்லவில்லையே. 1982-இல் ரிங்கில் அடிபட்டு கொரிய வீரர் டக் கூ கிம் இறந்த பிறகுதானே 15 ரவுண்டு 12 ஆகக் குறைந்தது. டைசன் 15 ரவுண்டு ஆடியதே இல்லை. எனக்கு முதல் நாலு ரவுண்டு டைசன். அதைத் தாண்டினால் 1966 அலி. 1971 அலி என்றால் டைசனுக்குத்தான் என் ஓட்டு.

பெரியப்பா, 9:24
நான் சொல்ல வந்ததும் அதுதான்மா. 1966 அலி, எத்தனை ரவுண்டு வைத்தாலும். 1971-க்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

பிரபு, 9:26
15 ரவுண்டு என்றால் அலி, ஒத்துக்கொள்கிறேன். 12 என்றால் விடமாட்டேன்.

சித்தப்பா, 9:27
மார்சியானோவுக்கு யாருமே இல்லையா?

பெரியப்பா, 9:28
நீ இருக்கிறாயே, போதும். பிரபு, ஞாயிற்றுக்கிழமை வா. பேட்டர்சன் சண்டையை முதல் ரவுண்டிலிருந்து பார்ப்போம். முதுகு எந்த ரவுண்டில் பிடிக்கிறது என்று நீயே எனக்குக் காட்டு.