நோய் முற்றிவிட்டது என்பதைப் பிரிட்டனில் எப்படித் தெரிவிப்பது

சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் அண்மைக் காலமாக என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: வீட்டில் ஒருவருக்கு ஏற்கெனவே மாற்றுத்திறனாளி உதவித்தொகை வருகிறது, இப்போது நோய் முற்றிவிட்டது, அதை எப்படித் தெரிவிப்பது? லெஸ்டரில் 17 ஆண்டுகள் இருந்தபோது, முடக்குவாதத்தால் அவதிப்பட்ட என் அக்காவுக்காக இந்தப் படிவங்களை நிரப்பினேன். இப்போது பெரம்பூரில் இருந்துகொண்டு, அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் விசாவைப் பாருங்கள். பொது நிதியிலிருந்து உதவி பெறக்கூடாது என்ற நிபந்தனை உங்கள் விசாவில் இருந்தால், ‘பிப்’ என்று எல்லோரும் சொல்லும் பர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட் என்ற இந்த உதவித்தொகையைக் கோர வேண்டாம். கோரினால் விசாவுக்கே சிக்கல் வரும். பிரிட்டிஷ் குடியுரிமையுடன் பல ஆண்டுகள் சென்னையில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களும், பிப் பெறப் பொதுவாகக் கடந்த 156 வாரங்களில் 104 வாரங்கள் பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இதற்கு ஈடாக வேறு திட்டம் இருப்பதால், கீழே நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமானது.

நம் ஊரில் மருத்துவக் குழு சதவீதம் போட்டுத் தரும் சான்றிதழுக்குப் பழகியவர்கள் நாம். 40 சதவீதம் இருந்தால்தான் பல சலுகைகள் கிடைக்கும் என்பதால், அங்கேயும் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். பிப்பில் சதவீதமே கிடையாது. சமைத்தல், உண்ணுதல், குளித்தல், உடுத்தல் போன்ற 10 அன்றாடச் செயல்களுக்கும், நடமாட்டம் தொடர்பான 2 செயல்களுக்கும் தனித்தனியே புள்ளி கொடுப்பார்கள். அன்றாட வாழ்க்கை, நடமாட்டம் ஆகிய இரண்டு பிரிவுகளிலும் 8 முதல் 11 புள்ளி வரை சாதாரண விகிதம். 12 புள்ளியும் அதற்கு மேலும் உயர்ந்த விகிதம். ஆகவே “வாதம் அதிகமாகிவிட்டது” என்று எழுதுவதால் பயனில்லை; சென்ற ஆண்டு தானே செய்த எந்த வேலையை இந்த ஆண்டு செய்ய முடியவில்லை என்பதை எழுத வேண்டும்.

அக்கா விஷயத்தில் நாங்கள் தவறியது இங்கேதான். நடை குறைந்துவிட்டது என்று பிப் அலுவலகத்துக்குத் தெரிவித்தோம். மதிப்பீட்டாளர் தொலைபேசியில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும், “பரவாயில்லம்மா, ஏதோ சமாளிச்சுக்கறேன்” என்று அக்கா சொன்னதை மொழிபெயர்ப்பாளர் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். உடுத்துவதில் சிரமம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றார். அவர் புடவை கட்டுவதை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கொசுவம் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. நாள் முழுதும் நைட்டிதான், அதன் முன்பக்கக் கொக்கிகளையும் காலையில் மருமகள்தான் மாட்டிவிடுவாள். அதை யாரும் உதவி என்று நினைக்கவே இல்லை, வீட்டில் நடக்கிற காரியம் என்றே நினைத்தோம். முடிவுக் கடிதம் வந்தபோது நடமாட்டப் புள்ளி ஏறியிருந்தது, உடுத்தும் புள்ளி போயிருந்தது.

ஏனென்றால் மாற்றத்தைத் தெரிவித்தால் அந்த ஒரு செயலை மட்டும் பார்த்துவிட்டு விடமாட்டார்கள்; முழு உதவித்தொகையையும் மறுபடி மதிப்பிடுவார்கள், தொகை கூடலாம், குறையலாம், நின்றும் போகலாம். தொலைபேசியை எடுக்கும் முன் பழைய முடிவுக் கடிதத்தைத் தேடி எடுத்து, 12 செயல்களுக்கும் அன்று என்ன புள்ளி கிடைத்தது, இன்று எது மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மாறாதவற்றையும் புதிய படிவத்தில் முழுமையாக எழுத வேண்டும். பழைய கோப்பில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஓய்வூதிய வயதைக் கடந்த பெற்றோருக்கு, நோய் முற்றினாலும் நடமாட்டப் பிரிவின் தொகை பொதுவாக உயராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஒரு செயலை முடியும் என்று சொல்வதற்கு, அதைப் பாதுகாப்பாகவும், ஒழுங்காகவும், தேவையான தடவைகள் திரும்பத் திரும்பவும், சாதாரணமாக ஆகும் நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்படாமலும் செய்ய முடிய வேண்டும். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி என்பதே கணக்கு. ஆகவே நல்ல நாளை மட்டும் நினைத்துப் பதில் சொல்லாதீர்கள். தூரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 20 மீட்டர் என்பது கிரிக்கெட் பிட்ச்சின் நீளம். அதற்கு மேல் நடக்க முடியாதவருக்கு 12 புள்ளி. 20 மீட்டரைத் தாண்டி 50 மீட்டருக்குள் நின்றுவிடுபவருக்கு, ஊன்றுகோல் இல்லாமல் நடந்தால் 8, ஊன்றினால்தான் நடை என்றால் 10. “கடைக்கு நடந்து போவேன்” என்று ஒரே வாக்கியத்தில் முடிக்காமல், வழியில் எத்தனை இடத்தில் நின்று, எதைப் பிடித்துக்கொண்டு, வீடு திரும்பிய பின் எவ்வளவு நேரம் படுத்துவிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காலக்கெடு முக்கியம். மோசமான நிலை 3 மாதம் நீடித்திருந்து, இன்னும் 9 மாதமாவது நீடிக்கும் என்றால்தான் உயர்ந்த தொகை கிடைக்கும். தாமதமாகத் தெரிவித்தால் பொதுவாகத் தெரிவித்த நாளிலிருந்துதான் கணக்கு என்பதால், முதலில் அழைத்த தேதியையும் பேசியவரின் பெயரையும் அன்றே குறித்துவையுங்கள். ஓராண்டுக்குள் உயிர் பிரியலாம் என்று மருத்துவர் கருதும் நோயாளிக்கு இந்த 3 மாதக் காத்திருப்பு இல்லை; அதற்குத் தனி விரைவு வழி இருக்கிறது, உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

சிகிச்சைக்காகச் சென்னைக்கு வருபவர்கள் நிறைய. 4 வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருப்பதானால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பயணத்தின்போது பொதுவாக 13 வாரம் வரை தொகை வரும். புறப்படும் முன்பே இருந்த நோய்க்கான சிகிச்சைக்காகவே வந்தால் 26 வாரம் வரை வரும். இங்கே மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன அறுவைச் சிகிச்சை என்பது இருக்குமே தவிர, நோயாளியால் என்ன முடியவில்லை என்பது இருக்காது. அந்த விவரத்தையும் ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கி, அங்கே உங்கள் ஜிபியின் (குடும்ப மருத்துவரின்) கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

முடிவு தவறு என்று பட்டால், ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும்; அதிலும் திருப்தி இல்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இதற்குச் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் அலுவலகங்களில் இலவசமாக உதவுவார்கள். அக்காவுக்கு நாங்கள் மறுபரிசீலனை கேட்டபோது, காலையில் எழுந்தது முதல் கொக்கி மாட்டுவது வரை என்னென்ன செய்கிறாள் என்பதை மருமகளே தன் கைப்பட ஒரு கடிதமாக எழுதி, அதைப் படிவத்தோடு இணைத்து அனுப்பினோம். போன புள்ளி திரும்பக் கிடைத்தது அந்தக் கடிதத்தால்தான்.