கவிதாவின் கம்போடியா பயணம்: பினாங்கு குடும்பக் குழுவில்

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் பிசியோ (இயன்முறை சிகிச்சை) குழுவோடு கம்போடியா போகிறேன், பத்தம்பாங் பக்கம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கான முகாம். சும்மா கிடக்கும் பழைய கைலி, கெட்டி ஸ்பாஞ்சு இருந்தால் சொல்லுங்கள்.

லட்சுமி அத்தை: நல்ல காரியம்மா. கைலி நிறைய இருக்கிறது. மாமாவுக்கு டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார், பழைய பிரஷர் மாத்திரை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. அதையும் எடுத்துக்கொள்கிறாயா?

கவிதா: மாத்திரை வேண்டாம் அத்தை. ஒரு நோயாளிக்குக் கொடுத்து மிஞ்சிய மருந்தைத் தானம் அனுப்பக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. புது மருந்தானாலும் அங்கே போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது 1 ஆண்டாவது இருக்க வேண்டும். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செல்வம் மாமா: தாத்தாவின் வீல்சேர் ஸ்டோரில் தூசி படிந்து கிடக்கிறது. அது உதவுமா?

கவிதா: தாத்தா அளவு வீல்சேரில் ஆறு வயதுப் பிள்ளையை உட்கார வைத்தால் இடுப்பு முன்னால் வழுக்கும், உடம்பு ஒரு பக்கம் சாயும், கால் அந்தரத்தில் தொங்கும் மாமா. நாளாக நாளாக முதுகெலும்பே வளையும். அளவெடுத்து, பொருத்தி, வீட்டாருக்குப் பழக்கி, பிறகும் வந்து பார்க்க வேண்டும். அதை இங்கேயே ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம்.

செல்வம் மாமா: சரி, பட்டர்வொர்த்தில் தெரிந்த இல்லம் ஒன்று இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்.

தர்ஷன்: அக்கா, நானும் வரட்டுமா? படிவம் 6 லீவுதான். பிரஷர் பார்க்க, கட்டுப்போட எல்லாம் உதவுவேன்.

கவிதா: வா தம்பி, ஆனால் நோயாளி மேல் கை வைக்கிற வேலை உனக்கு இல்லை. மலேசியாவில் நானே, பிசியோ போன்ற துணை மருத்துவத் தொழில்களுக்கான 774ஆவது சட்டத்தின்படி பதிந்துதான் வேலை செய்கிறேன். இங்கே செய்ய அனுமதி இல்லாததை, ஏழை ஊர் என்பதற்காக அங்கே போய்ச் செய்யக்கூடாது. பெயர் எழுது, அட்டை வெட்டு, பிள்ளைகளோடு விளையாடு. கேட்காமல் படம் எடுக்காதே.

லட்சுமி அத்தை: அட்டை எதற்கு?

கவிதா: நாற்காலி செய்ய அத்தை! கெட்டியான பெட்டியை மூலை வடிவில் வெட்டி, பசையில் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தால் பிள்ளை சாய்ந்து உட்காரும் அளவுக்கு உறுதியாகும். இரண்டு பக்கமும் கைலியைச் சுருட்டி வைத்தால் இடுப்பு நகராது. பல வீடுகளில் அம்மா பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டுத்தான் கஞ்சி ஊட்டுவார். தலை பின்னால் சாய்ந்திருந்தால் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அப்புறம் இருமல், சளி, நிமோனியா. நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, நேர் எதிரே இருந்து சின்னக் கரண்டியில் கொடுத்து, விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

லட்சுமி அத்தை: பாவம் அந்தப் பிள்ளைகள். குணமாகிவிடுமா?

கவிதா: மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மாறாது அத்தை. ஆனால் கழுத்து நிற்கும், சாப்பாடு ஒழுங்காக இறங்கும், சில பிள்ளைகள் நடப்பார்கள். நாங்கள் கொஞ்ச நாளில் கிளம்பிவிடுவோம். அம்மாதான் தினமும் செய்யப் போகிறவர். அதனால் நான் ஊட்டிக் காட்டுவதைவிட, அவர் ஊட்டும்போது பக்கத்தில் இருப்பதுதான் என் வேலை. உள்ளூர்ப் பிசியோக்கள் எங்களோடு உட்காராத முகாமுக்குப் போவதில்லை என்றே முடிவு செய்திருக்கிறேன். பிள்ளை வளர வளர நாற்காலியை மாற்றிக் கொடுக்கப் போவது அவர்கள்தான்.

செல்வம் மாமா: அங்கே கண்ணிவெடி இருக்கிறது என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

கவிதா: வடமேற்கில் சில வயல்களில் இன்னும் இருக்கிறது மாமா. உள்ளூர்க்காரர்கள் காட்டும் வழியை விட்டு விலக மாட்டோம். முகாம் ஊருக்குள்தான்.

லட்சுமி அத்தை: கைலிகளைத் துவைத்துச் சனிக்கிழமை தர்ஷனிடம் கொடுத்து விடுகிறேன். ஸ்பாஞ்சு எத்தனை அங்குலம் வேண்டும்?

கவிதா: 2 அங்குலம் போதும் அத்தை. அழுத்தினால் உடனே எழும்ப வேண்டும்.