துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை: 47 வயதில் எனக்கு நடந்தது

துக்கமாக இருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். எனக்கு எதிலுமே பிடிப்பில்லாமல் போய்விட்டது. வேலை, பிள்ளைகள் படிப்பு, கடன் தவணை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. ஆனால் பாட்டு வெறும் சத்தமாகக் கேட்டது. மகன் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து வந்து நின்றபோது சிரிப்பை வரவழைக்க வேண்டியிருந்தது. அதை அவன் கவனித்துவிட்டான். இன்றும் உறுத்துகிறது.

வேறு காரணத்துக்காகப் போன இடத்தில் மருத்துவர் கேட்டார்: "முன்னால பிடிச்ச எதையாவது இப்ப ஆசையா செய்யறீங்களா?" கவலையா என்று கேட்டிருந்தால் இல்லை என்று எழுந்து வந்திருப்பேன். பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. மாத்திரையில் அசதி போனது, பிடிப்பு திரும்பவில்லை.

அதைத் திருப்பியது மனநல ஆலோசகர் தந்த பயிற்சி. ஆசை வரும்வரை காத்திருக்காமல் முதலில் செய்யச் சொன்னார். 1970களில் உளவியலாளர் பீட்டர் லெவின்சோன் வளர்த்த அணுகுமுறை இது. பழைய விருப்பமான பென்சில் ஓவியத்தைத் தினம் பத்து நிமிடம் வரைய வேண்டும், நன்றாக வந்ததா என்று பார்க்கக் கூடாது, கிடைத்த சந்தோஷத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று குறித்துவைக்க வேண்டும். ரொம்ப நாள் பூஜ்யமும் ஒன்றும்தான். ஒரு மாலை, என் இடது கையையே பார்த்து விரல்களின் நிழலைத் தீட்டிக்கொண்டிருந்தபோது அலாரம் அடித்தது. எரிச்சல் வந்தது. நிறுத்த மனமில்லை! வருஷக்கணக்கில் எதன்மேலும் எனக்கு அப்படி வந்ததில்லை.

*

உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு வயது 52. அம்மா போன பிறகு நானும் இப்படித்தான் ஆனேன். தனியாகத் தொடங்கிய எதுவும் எனக்கு நிலைக்கவில்லை. சிநேகிதன் ஒருவன் விடியற்காலை நடக்கக் கூப்பிட்டான். போகாவிட்டால் வாசலில் வந்து நிற்பான், அந்தச் சங்கடத்துக்காகவே போனேன். வழியில் பார்க்கிற பறவைகளுக்குப் பெயர் தேடத் தொடங்கினோம். இப்போது அவன் ஊரில் இல்லாத நாளிலும் போகிறேன்.

*

பதிவு எழுதியவருக்கு ஒரு கேள்வி: நீங்கள் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தீர்களா?

*

பதிவு எழுதிய எனக்கு அது தேவைப்படவில்லை. அக்காவுக்குத் தேவைப்பட்டது, மருத்துவர் சொன்ன காலம்வரை எடுத்தாள், தேறினாள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அன்றே போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.