சாவியை உருவிய பிறகும் எஞ்சின் ஓடுகிறது (பழைய பென்ஸ், அவசரம்)

கோவை_வாசன் (சனி, மாலை 6.42)
வணக்கம். பழைய பென்ஸ் வைத்திருக்கிறேன். சாவியைத் திருப்பி உருவியாகிவிட்டது. சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது, வண்டி போர்டிகோவில் அது பாட்டுக்குத் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்தேன், அப்போதும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மாமா மதில்மேல் எட்டிப் பார்க்கிறார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_சரவணன் (6.47)
என்ன மாடல்? பெட்ரோலா டீசலா? கியரா ஆட்டோமேட்டிக்கா? பழைய பென்ஸ் என்றால் 1965-ம் பழசுதான், 2005-ம் பழசுதான்.

மணி_ஆட்டோ (6.49)
இக்னிஷன் ஸ்விட்ச் போயிருக்கும். என் அம்பாசடரில் அச்சு அசல் இதே கதை. ஸ்விட்ச் மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஸ்பேனர்_சரவணன் (6.50)
அண்ணே, அவர் பேட்டரியையே கழற்றிவிட்டாராம். ஸ்விட்ச் எதை அணைக்கும்?

மலைக்கோட்டை_டீசல் (6.53)
பேட்டரி போயும் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் அந்தக் காலத்து டீசல்தான். முதலில் நிறுத்துங்கள், காரணத்தை அப்புறம் பார்ப்போம். பானட்டைத் திறந்தால் இன்ஜெக்‌ஷன் பம்ப் பக்கம் ஆங்கிலத்தில் ஸ்டாப் என்று எழுதிய சின்ன நெம்புகோல் இருக்கும். அதை அமுக்கிப் பிடியுங்கள், அடங்கிவிடும். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், தொங்குகிற சட்டைக் கையோடு குனியாதீர்கள். ஏர் இன்டேக்கைக் கையால் பொத்தச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள்.

இன்னொன்று, ஓடுகிற எஞ்சினில் பேட்டரியைக் கழற்றுவது ஆல்டர்னேட்டர் டயோடுக்கு நாமே வைக்கிற வேட்டு. இனிமேல் வேண்டாம்.

கோவை_வாசன் (7.04)
நின்றுவிட்டது!! நன்றி சார். 240டி, 1983. கியர் வண்டிதான். இதைச் சரிசெய்ய என்ன மாற்ற வேண்டும்?

டீசல்_தாத்தா (மூத்த உறுப்பினர், 9,214 பதிவுகள், 7.31)
இந்தக் கேள்வியை இங்கே நூறு பேர் கேட்டாயிற்று, நூறு பேருக்கும் நான் பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பம்பின் பின்புறம் உள்ள ஷட்-ஆஃப் வால்வின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. வால்வை மாற்றவும். இழையை மூடலாம்.

மலைக்கோட்டை_டீசல் (7.40)
தாத்தா சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் பார்க்காமல் காசு செலவழிக்க வேண்டாம். வாசன் சார், நான்கு விஷயம் சொல்லுங்கள்.

பிரேக் பெடல் வழக்கம்போல் மெத்தென்று இருக்கிறதா, கல் மாதிரி இருக்கிறதா? சென்ட்ரல் லாக் வேலை செய்கிறதா? திடீரென்று வந்ததா, இல்லை கொஞ்ச நாளாகவே சாவியைத் திருப்பினால் இழுத்து இழுத்து நின்றுகொண்டிருந்ததா? சமீபத்தில் வண்டியில் யாராவது கை வைத்தார்களா?

மணி_ஆட்டோ (7.44)
எஞ்சின் நிற்காததற்கும் கதவுப் பூட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?

யாழ்_பழசு (8.15)
சம்பந்தம் இருக்கு தம்பி. டபிள்யூ123-இல (உங்கட 240டி, என்ர 300டி எல்லாம் இந்த வரிசைதான்) எல்லாமே காற்று உறிஞ்சலிலதான் நடக்குது. எஞ்சினில ஒரு வேக்கம் பம்ப் இருக்கு. அதிலிருந்து பிரேக் பூஸ்டருக்குத் தடிச்ச குழாய் போகுது. அந்தக் குழாயிலிருந்து மெல்லிய கிளைகள் பிரியுது: ஒண்டு சாவி ஸ்விட்சுக்கு, மற்றது கதவுப் பூட்டுகளுக்கு. சாவியை மூடினால் ஸ்விட்சில இருக்கிற குட்டி வால்வு திறந்து உறிஞ்சலை ஷட்-ஆஃப் வால்வுக்கு அனுப்பும், அது இன்ஜெக்‌ஷன் பம்பில டீசலை வெட்டும். கரண்டுக்கு இதில வேலையே இல்லை. கதவுக்குள்ள எங்கையாவது குழாய் கழண்டால் உறிஞ்சல் எல்லாம் அந்த ஓட்டையால போயிடும். சாவியைத் திருப்பும்போது எஞ்சினை நிறுத்த மிச்சம் இருக்காது. பிரேக் பக்கம் ஒருவழி வால்வு இருக்கிறதால பிரேக் மட்டும் தப்பும்.

என்ர 300டியில டீசல் மூடிக்குள்ள இருக்கிற பூட்டுச் சாமான்தான் காற்று விட்டது. ரெண்டு கிழமை எஞ்சினோட மல்லுக்கட்டின பிறகுதான் கண்டுபிடிச்சன்.

கோவை_வாசன் (9.20)
பிரேக் நன்றாகவே இருக்கிறது. லாக் முன்பெல்லாம் கொஞ்சம் சோம்பேறித்தனமாக வேலை செய்யும், இப்போது சுத்தமாக இல்லை. அது வேறு பிரச்சினை என்று நினைத்துத்தான் எழுதவில்லை.

ஸ்பேனர்_சரவணன் (9.24)
நான்காவது கேள்வி?

டீசல்_தாத்தா (9.51)
மறுபடியும் சொல்கிறேன், ஷட்-ஆஃப் வால்வு. இரண்டு போல்ட், ஒரு கேஸ்கெட், அரை மணி நேர வேலை. உள்ளே இருக்கும் கொக்கி பம்பின் நெம்புகோலில் சரியாக மாட்ட வேண்டும், இல்லையென்றால் புது வால்வு போட்டும் நிற்காது. இதெல்லாம் தெரியாதவர்கள் கதவைப் பிரிக்கச் சொல்வார்கள்.

மலைக்கோட்டை_டீசல் (10.05)
தாத்தா, வால்வா கதவா என்று கண்டுபிடிக்க ஸ்பேனரே வேண்டாம். ஷட்-ஆஃப் வால்வுக்குப் போகும் மெல்லிய குழாயை, பழுப்பில் நீலக் கோடு போட்டது, உருவிப் பாருங்கள். டயாஃப்ரம் கிழிந்திருந்தால் பம்பிலிருக்கும் எஞ்சின் ஆயில் குழாய்க்குள் ஏறியிருக்கும். குழாய் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தாத்தா சொன்னது சரி. காய்ந்து கிடந்தால் வேறு இடம் தேட வேண்டும்.

அடுத்தது, பூட்டுகளுக்குப் போகும் மஞ்சள் குழாயை எஞ்சின் அறையில் கிளை பிரியும் இடத்தில் கழற்றி, அந்தக் கிளையின் வாயைத் தற்காலிகமாக அடையுங்கள். பொருத்தமான ஸ்க்ரூவோ பழைய ரீஃபில் முனையோ போதும். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். பட்டென்று நின்றால் ஓட்டை கதவுப் பக்கம். கை வேக்கம் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை: கழற்றிய மஞ்சள் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கை வைத்தால் குழாய் நாக்கில் ஒட்டிக்கொண்டு தொங்க வேண்டும். உறிஞ்ச உறிஞ்சக் காற்று வந்துகொண்டே இருந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

மணி_ஆட்டோ (10.11)
நாக்கில் காரைத் தொங்கவிடச் சொல்கிறீர்கள். நடக்கட்டும்.

கோவை_வாசன் (ஞாயிறு, காலை 8.30)
பழுப்புக் குழாய் சுத்தமாகக் காய்ந்திருக்கிறது. மஞ்சளை அடைத்தேன், சாவியைத் திருப்பிய உடனே கப்பென்று நின்றது. நாக்கு வைத்தியமும் பார்த்தேன், ஒட்டவே இல்லை. நான்கு கதவு, டிக்கி, டீசல் மூடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா? இன்று மாலை மச்சினன் குடும்பத்தோடு வருகிறார், அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

ஸ்பேனர்_சரவணன் (8.41)
மாலைக்கு அப்படியே அடைத்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், லாக் மட்டும் இருக்காது. ஒவ்வொரு கதவையும் கையால் பூட்டுங்கள். கியர் வண்டி என்பதால் பிரேக்கை அழுத்தி டாப் கியரில் கிளட்சை விட்டும் நிறுத்தலாம், ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

நான்காவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

யாழ்_பழசு (9.02)
எல்லாத்தையும் பிரிக்கத் தேவையில்லை. பூட்டுக்கு ரெண்டு குழாய்ப் பாதை இருக்கு, ஒண்டு பூட்ட, ஒண்டு திறக்க. எந்தப் பாதைக்கு உறிஞ்சல் போகவேணும் எண்டு ஓட்டுநர் கதவில இருக்கிற வால்வுதான் முடிவு செய்யும். அடைப்பை எடுத்துப்போட்டு மஞ்சளைத் திரும்பப் பூட்டுங்கோ. ஓட்டுநர் கதவின்ர பட்டனை மேல விட்டு ஒருக்கா, கீழ அமுக்கி ஒருக்கா எஞ்சினை நிறுத்திப் பாருங்கோ. ஒரு நிலையில நிண்டு மற்றதில நிக்காட்டில், ஓட்டை அந்த ஒரு பாதையில மட்டும்தான். வடிவாப் பாருங்கோ, பாதி வேலை மிச்சம்.

ராயபுரம்_ராஜா (9.30)
இதற்கு நடுவில் ஒரு சந்தேகம். 15 வருடம் தாண்டினால் ஓட்டக்கூடாது என்கிறார்களே? 1983 வண்டியை எப்படி ரோட்டில் விடுகிறீர்கள்?

ஸ்பேனர்_சரவணன் (9.38)
அது டெல்லிச் சுற்றுவட்டாரக் கதை. அங்கே டீசலுக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம் என்று வைத்தார்கள். நம் ஊரில் எஃப்சி காட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பித்தால் ஓட்டலாம்.

மணி_ஆட்டோ (9.46)
புதுப்பிக்கலாம், எவ்வளவுக்கு என்று கேளுங்கள். 2022 ஏப்ரலில் இறக்குமதி காருக்கு 40,000 ரூபாய் ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டியதற்கு 80,000. உள்ளூர்க் காருக்குப் பத்தாயிரம்தான். பேசாமல் ஸ்க்ராப்புக்குப் போட்டு மாருதி வாங்கலாம்.

டீசல்_தாத்தா (10.15)
மாருதியையும் டபிள்யூ123-ஐயும் ஒரே வாக்கியத்தில் எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? 1976-இலிருந்து பத்து வருடத்தில் சுமார் 27 லட்சம் வண்டி விற்றார்கள். ஆப்பிரிக்காவில் இன்றும் டாக்சியாக ஓடுகிறது.

மணி_ஆட்டோ (10.19)
240டிக்கு 72 குதிரை. சிக்னலில் பச்சை விழுந்து நீங்கள் நகர்வதற்குள் மறுபடி சிவப்பு விழுந்துவிடும் தாத்தா.

ராயபுரம்_ராஜா (10.24)
கட்டணத்தைக் கூட்டினால் பழைய வண்டியை ஒழுங்காக வைத்திருப்பவன்தான் மாட்டுகிறான். மாதம் 200 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கும் தினம் 200 ஓடுகிற வண்டிக்கும் ஒரே கணக்கு. இது நியாயமா?

மணி_ஆட்டோ (10.31)
புகையும் கொஞ்சம் கொஞ்சமாக வருமா?

மலைக்கோட்டை_டீசல் (10.40)
தனி இழை தொடங்கி அடித்துக்கொள்ளுங்கள். வாசன் சார், பட்டன் சோதனை என்னாயிற்று?

கோவை_வாசன் (பகல் 12.10)
பட்டன் கீழே இருந்தால் மூன்று விநாடியில் நிற்கிறது. மேலே இருந்தால் நிற்கவே இல்லை. அப்படியானால் திறக்கும் பாதையில்தான் ஓட்டையா?

நான்காவது கேள்விக்கு மன்னிக்கவும். இரண்டு வாரம் முன்பு இடது பின் கதவில் கண்ணாடி ரெகுலேட்டர் மாற்றினார்கள். தெருமுனைக் கடையில். எஞ்சின் பக்கம் யாரும் போகவில்லை என்பதால் சொல்லவில்லை.

ஸ்பேனர்_சரவணன் (12.12)
😐

யாழ்_பழசு (12.20)
அந்தக் கதவைத் திறவுங்கோ. ஆம்ரெஸ்ட் திருகாணி, கண்ணாடி சுத்துற கைப்பிடி, உள் கைப்பிடி மூண்டையும் கழட்டினால் அட்டை வரும். உள்ள பூட்டுக்குப் பக்கத்தில சின்ன டப்பா மாதிரி ஒண்டு, அதுக்கு ரெண்டு மெல்லிய குழாய். முனையில இருக்கிற றப்பர் முழங்கையைத் தொட்டுப் பாருங்கோ, நாற்பது வருஷத்து றப்பர், பொரிச்ச அப்பளம் மாதிரி நொறுங்கும். கண்ணாடிக்காரன் கை பட்டிருக்கும், அவனைக் குற்றம் சொல்லவும் ஏலாது.

கோவை_வாசன் (மாலை 4.05)
அதேதான். ஒரு குழாய் அந்தரத்தில் தொங்குகிறது. முழங்கை இரண்டாகப் பிளந்து கதவின் அடியில் கிடந்தது, எடுத்தால் விரலில் கரி மாதிரி ஒட்டுகிறது. இது எங்கே கிடைக்கும்? மச்சினன் வந்துவிட்டார்.

ஸ்பேனர்_சரவணன் (4.11)
இன்றைக்கு சைக்கிள் கடையில் வால்டியூப் வாங்கி மாட்டுங்கள். கச்சிதமாக உட்காரும்.

டீசல்_தாத்தா (4.30)
வால்டியூப்! மெர்சிடீஸில்! அது உறிஞ்சலில் சப்பிப்போகும், ஆயில் பட்டால் ஊறிப்போகும், வெயிலில் வெடிக்கும். ஒரிஜினல் முழங்கைகளை ஆர்டர் செய்து எல்லாக் கதவிலும் ஒரே தடவையாக மாற்ற வேண்டும். ஒன்று நொறுங்கினால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம்.

ஸ்பேனர்_சரவணன் (4.36)
கதவுக்குள் ஆயில் எங்கிருந்து வரும் தாத்தா? வெயில் எங்கிருந்து வரும்? என் வண்டியில் நான்கு வருடமாக வால்டியூப்தான். குழாய் முனைகள் இரண்டும் உள்ளே முட்டிக்கொண்டிருந்தால் சப்பிப்போக இடமே இருக்காது.

மலைக்கோட்டை_டீசல் (4.50)
எல்லாக் கதவிலும் மாற்றச் சொல்வது மட்டும் சரி. அதுவரை வால்டியூபும் சரிதான். உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ பழைய முழங்கை கிடைத்தால் வாங்காதீர்கள், அதற்கும் இதே வயதுதான்.

டீசல்_தாத்தா (5.02)
எப்படியோ, வேக்கம் பிரச்சினை என்று நான் முதலிலேயே சொன்னேன்.

ஸ்பேனர்_சரவணன் (5.03)
வால்வு என்று சொன்னீர்கள்.

டீசல்_தாத்தா (5.05)
வால்வும் வேக்கத்தில்தான் இயங்குகிறது.

ராயபுரம்_ராஜா (திங்கள், காலை 9.15)
வாசன் சார், சரியாகிவிட்டதா? எனக்கும் 80,000 கட்டணத்தைப் பற்றி உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

கோவை_வாசன் (வியாழன், இரவு 10.48)
சரியாகிவிட்டது, சாவியைத் திருப்பினால் நிற்கிறது. நான்கு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டுகின்றன, மச்சினனின் பையன் இருபது தடவை பூட்டித் திறந்தான். அனைவருக்கும் நன்றி.

மலைக்கோட்டை_டீசல் (வியாழன், இரவு 10.55)
மகிழ்ச்சி. கடைசியில் எதைப் போட்டீர்கள், வால்டியூபா ஒரிஜினலா?

ஸ்பேனர்_சரவணன் (சனி, காலை 7.20)
சார்?