கிரேட்டர் வகைகளுக்குத் தமிழ்ப் பெயர்: துருவியா, அராவியா?

பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். சமையற்கலைப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அன்றாடச் சமையலுக்கு எந்தக் கிரேட்டர் வாங்குவது என்று ஒரு பாடம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். நாலு பக்கமும் வெவ்வேறு துளை உள்ள பாக்ஸ் கிரேட்டர், ஒற்றைத் தகடாக வருவது, பட்டையாக நீண்டிருக்கும் ராஸ்ப், கைப்பிடியைச் சுற்றினால் உருளை சுழல்வது, வில்லை வில்லையாகச் சீவும் மாண்டலின், இவ்வளவும் அதில் வருகின்றன. எல்லாவற்றுக்கும் 'துருவி' என்றே போட்டால் பாடம் குழம்பிவிடும். 'எலுமிச்சைத் தோலுக்குப் பாக்ஸ் கிரேட்டரை விட ராஸ்ப் நல்லது' என்ற வரியில் வந்து நிற்கிறேன். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

துருவி என்ற சொல்லையே நான் ஏற்கவில்லை. அது வினையெச்சமும்கூட. 'துருவித் தூவுக' என்றால் எச்சம். 'துருவி தேய்ந்துவிட்டது' என்றால் பெயர். இடையில் ஓர் ஒற்றுதான் வேறுபாடு. இன்று எத்தனை பேர் ஒற்றுப் போட்டு எழுதுகிறார்கள்? தவிரவும், துருவுதல் என்பது துளைத்து உள்ளே புகுதல். 'துருவித் துருவிக் கேட்டார்' என்கிறோமே, அந்தப் பொருள். கிரேட்டர் உள்ளே புகுவதில்லை; மேற்பரப்பைத் தேய்த்து எடுக்கிறது. அதற்கு நம்மிடம் அராவுதல் இருக்கிறது, கருவியின் பெயர் அரம். வள்ளுவர் 'அடுமுரண் தேய்க்கும் அரம்' (567) என்றும் 'அரம்பொருத பொன்போலத் தேயும்' (888) என்றும் இரண்டு இடத்திலும் தேய்தலோடு சேர்த்தே சொல்கிறார். ஆகவே 'அராவி' என்பதே என் பரிந்துரை.

மொழியியல் ஆய்வு மாணவி:

> அது வினையெச்சமும்கூட

ஐயா, அராவி மட்டும் என்ன? 'இரும்பை அராவிக் கூராக்கினான்' என்பதும் எச்சம்தானே. ஒலிபெருக்கி, மின்தூக்கி, குளிரூட்டி எல்லாமே இந்த இகர விகுதிப் பெயர்கள். எதிலும் யாரும் தடுமாறவில்லை, சொல் நிற்கும் இடம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

துருவுதலுக்கும் துளைத்தல் மட்டும் பொருளன்று. தேடுதல், துளைத்தல், சுரண்டி எடுத்தல் என்று மூன்றும் அகராதியில் உண்டு. தச்சர் துளையிடும் கருவியான துரப்பணமும் இதே வேர்க்குடும்பம் என்பது என் கருத்து. ஈழத்தில் 'திருவுதல்' என்பார்கள், கருவி 'திருவலை'. மலையாளத்தில் 'சிரவ'. து, தி, சி என்று முதலெழுத்து நகர்ந்து வந்த வழியைத் தொடர்ந்து போனால்...

தமிழாசிரியர்:

சிரவையை இதோடு சேர்க்க முடியாது. தகரம் சகரமாவது இகரத்தின் முன் நடக்கலாம். ஆனால் 'துருவு' என்பதில் இருப்பது உகரம். முதலில் உகரம் இகரமானதற்குச் சான்று காட்டுங்கள். திருகு, திரி, திருப்பு என்ற சுழற்சிச் சொற்களிலிருந்து 'திருவு' தனியே கிளைத்திருக்கவும் கூடுமே?

சமையற்கலை ஆசிரியை:

வேரை விட்டுவிட்டு ஒரு நிமிடம் கருவியைப் பாருங்கள். பாக்ஸ் கிரேட்டரில் தகட்டை அச்சால் குத்தித் துளையிட்டு, விளிம்பை மேலே புடைக்க வைக்கிறார்கள். அந்த விளிம்பு காயை ஓரளவு வெட்டும், ஓரளவு கிழிக்கும். உருளைக்கிழங்கை அதில் இழுத்தால் சாறு வழிவது அதனால்தான். ராஸ்பின் பற்கள் வேதிப்பொருளால் அரித்து உண்டாக்கியவை. ஒவ்வொன்றும் சின்னக் கத்தி. எலுமிச்சையை அதில் லேசாக ஓட்டினால் மஞ்சள் தோல் மட்டும் பஞ்சாக வரும், கீழே உள்ள கசப்பான வெள்ளைப் பகுதி அப்படியே நிற்கும். பாக்ஸ் கிரேட்டரின் முள் பக்கத்தில் தேய்த்தால் பாதித் தோல் முள்ளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். மாணவர்களுக்கு இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும். இதுதான் என் கவலை.

ஐயா சொன்ன அரம் இங்கேதான் பொருந்துகிறது. ராஸ்ப் முதலில் மரவேலைக் கருவி. 1990களில்தான் சமையலறைக்கு வந்தது. அதனால் ராஸ்புக்கு 'அரத்துருவி' என்று வைக்கலாம்.

பீங்கானில் துளையே இல்லாமல் முள் மட்டும் வைத்த தட்டு ஒன்றும் உண்டு. இஞ்சிக்கு அதுதான் சிறந்தது: நார் முள்ளிலேயே தங்கிவிடும், சாறும் விழுதும் தட்டில் சேரும். உங்கள் நூலில் அது விட்டுப்போயிருக்கிறது, 'முள்தட்டு' என்று சேர்த்துவிடுங்கள்.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

பொட்டியின் மேல் 'கிரேட்டர்' என்று இருக்கும்போது பாடத்தில் 'அரத்துருவி' என்று படித்த பிள்ளை கடையில் எதைக் கேட்கும்? ராஸ்பை மைக்ரோபிளேன் என்று நிறுவனப் பெயராலேயே கேட்கிறவர்கள் உண்டு. கிரேட்டர் என்றே எழுதுங்கள். காபி, பஸ் எல்லாவற்றையும் நாம் வாங்கிக்கொள்ளவில்லையா?

தமிழாசிரியர்:

வீட்டில் சொல் இல்லாதபோது வாங்கலாம். இருக்கும்போது எதற்கு?

மொழிபெயர்ப்பாளர்:

பெட்டித்துருவி, அரத்துருவி, உருளைத்துருவி, முள்தட்டு. இதுவரை சரி. தட்டையானது 'தகட்டுத்துருவி'. மாண்டலினுக்கு 'சீவி' என்று போட்டிருக்கிறேன்.

மொழியியல் ஆய்வு மாணவி:

சீவி வேண்டாம். சிரஞ்சீவி, சீவன் என்று காது வேறு பக்கம் போகிறது. 'சீவுபலகை' என்றால் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. ஒற்றுச் சிக்கலும் இல்லை. 'உருளைத்துருவி' என்பதை உருளைக்கிழங்கு துருவுவது என்று எடுத்துக்கொள்வார்கள், கவனியுங்கள். 'சுழல்துருவி' என்று மாற்றலாம்.

சமையற்கலை ஆசிரியை:

இரண்டும் சரி. சீவுபலகைக்குப் பக்கத்தில் கைக்காப்பை, அதாவது விரல் வெட்டுப்படாமல் காயைப் பிடிக்கும் பிடியைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். காய் விரல் நுனி அளவுக்குக் குறைந்ததும் வெறுங்கையால் சீவக் கூடாது. துருவுவதற்கும் அதே விதி. மீந்த துண்டைக் கத்தியால் நறுக்கிக்கொள்ளட்டும். கடினமான பாலாடைக்கட்டி, பாதாம் போன்றவற்றுக்குச் சுழல்துருவிதான் விரலுக்குப் பாதுகாப்பு. மிருதுவான பாலாடைக்கட்டியைப் பெட்டித்துருவியின் பெரிய துளையில் போடுமுன் சிறிது நேரம் உறைபெட்டியில் வைத்தால் அப்பாது.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பெட்டித்துருவி என்று எழுதுங்கள். அடி அகலமாக, வழுக்காமல் நிற்க வேண்டும். மேலே பிடி உறுதியாக இருக்க வேண்டும். பயன்படுத்திய உடனே கழுவச் சொல்லுங்கள். காய்ந்துவிட்டால் பற்களுக்குள் ஒட்டியதை எடுப்பது பெரும்பாடு. பஞ்சை விடத் தூரிகை நல்லது, பற்களில் பஞ்சு பிய்ந்துவிடும்.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

சரி, ஒவ்வொன்றும் முதன்முதலாக வரும் இடத்தில் மட்டும் கிரேட்டர், ராஸ்ப், மாண்டலின் என்று தமிழ் எழுத்திலேயே பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். பிறகு உங்கள் விருப்பம். 'முள்தட்டு' மட்டும் எனக்குச் சமாதானமில்லை. மீன்முள் போட்ட தட்டு என்றுதான் முதலில் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பாளர்:

மிக்க நன்றி. பெரும்பான்மைக் கருத்துப்படி இப்படியே அனுப்புகிறேன். முள்தட்டை 'முள்துருவி' ஆக்கிவிட்டேன்.

தமிழாசிரியர்:

அனுப்புங்கள். என் பட்டியலில் அராவி, அரவராவி, சுழலராவி என்றே இருக்கும். திருவுதலுக்குச் சிற்றிலக்கியத்தில் சான்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் தனி இழையில் எழுதுகிறேன்.