டீபாட்டின் அடியில் ஒரு கிரீடம்

புரசைவாக்கத்தில் பெரியம்மா வீட்டைக் காலி செய்தபோது பரணில் இருந்து ஒரு டீபாட் இறங்கியது. ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவுக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊர் திரும்பும்போது கொடுத்தது என்பார்கள். "சுத்தமான இங்கிலீஷ் வெள்ளிடா, அடியில சீல் இருக்கு பாரு" என்று பெரியம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

சவுகார்பேட்டையில் ஒரு கடையில் உரைகல்லில் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஜெர்மன் சில்வர்மா, எடைக்குத்தான் எடுப்போம்" என்றார்கள். தி.நகரில் கல்யாணத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட் வாங்குகிறோமே, அதே உலோகம்தான்: செம்பு, நிக்கல், துத்தநாகம். பெயரில்தான் வெள்ளி. பெரியம்மா வழி முழுக்கப் பேசவே இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு கேடயம், அதற்குள் 'ஈ அண்ட் கோ', மேலே கிரீடம். பர்மிங்காமில் இருந்த எல்கிங்டன் கம்பெனியின் முத்திரை அது. மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்கு 1840இல் காப்புரிமை வாங்கி, அதைப் பெரிய தொழிலாக ஆக்கியவர்கள் அவர்கள். கிரீடம் இருந்தது நல்லதாகப் போயிற்று. அசல் வெள்ளிக்கு செஃபீல்டு சோதனைக்கூடம் அந்தக் காலத்தில் குத்திய முத்திரையும் கிரீடம்தான். வாங்குபவர்கள் குழம்புகிறார்கள் என்பதால் 1896க்குப் பிறகு முலாம் பொருளில் கிரீடம் போடுவது நின்றுவிட்டது. ஆக, நம்முடையது அதற்கு முந்தையது.

எல்கிங்டன்காரர்கள் ஆண்டுக்கு ஓர் எழுத்தும் குத்துவார்கள். அது இருந்திருந்தால் வருடமே தெரிந்திருக்கும். ஐம்பது வருடமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் விபூதி போட்டுத் தேய்த்ததில் அந்த எழுத்து மழுங்கிப் போய்விட்டது. அசல் வெள்ளி அதைத் தாங்கும்; மேலே மெல்லிசாகப் பூசிய முலாம் தாங்காது. மூடியின் குமிழில் வெள்ளி போய் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது.

ஆனால் கீழே வடிவமைப்புப் பதிவு எண் தப்பியிருந்தது. நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம். இந்த வரிசை 1884இல் ஒன்றில் தொடங்கியது. 1886 ஜனவரியில் 40,480, அடுத்த ஜனவரியில் 64,520. அப்படியென்றால் இந்த வடிவத்தைப் பதிவு செய்தது 1886இல். பதிவுக்குப் பிறகும் பல வருடம் அதே வடிவத்தில் செய்வார்கள் என்பதால், 1886க்கும் 1896க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். தாத்தா அப்போது பிறக்கவே இல்லை! அந்த அதிகாரிக்கும் இது யாரோ கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

பதில்: எனக்கும் இதே போல ஒன்று. மவுண்ட் ரோடு பக்கம் ஓர் ஏலத்தில் ஆறு மீன் கத்திகள் எடுத்தேன். வரிசையாக நான்கு குட்டிக் கட்டங்களைப் பார்த்ததும் அசல் வெள்ளி என்று நினைத்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் அலங்கார எழுத்தில் ஈ, பி, என், எஸ். நிக்கல் சில்வர், அதாவது அதே ஜெர்மன் சில்வர் மேல் மின்முலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டதுதான் அது. இங்கிலாந்தின் பழைய அசல் வெள்ளியில் நடக்கும் சிங்க முத்திரை இருக்க வேண்டும், அது இல்லை. முக்கோணக் கொடி இருந்ததால் செஃபீல்டின் வாக்கர் அண்ட் ஹால் என்று தெரிந்தது. 'இங்கிலாந்து' என்றும் குத்தியிருந்ததால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது; அந்த வருடத்திலிருந்து அமெரிக்கா போகும் சரக்கில் நாட்டின் பெயரைப் போடச் சொல்லிச் சட்டம் வந்தது. உங்கள் டீபாட்டில் அந்த மழுங்கிய எழுத்தை விட்டுவிடாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள்.

பதில்: நேற்று ராத்திரி பெரியம்மா டார்ச் பிடிக்க, நான் பார்த்தேன். எழுத்தின் ஒரு கால் மட்டும் தெரிகிறது, நேர்க்கோடு. மீதியைப் படிக்க முடியவில்லை. டீபாட்டை இனிமேல் மெல்லிய துணியால் மட்டும்தான் துடைப்பேன் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார்.