அல்சைமருக்கு அமிலாய்டுதான் காரணமா?

கதிர்வேலன்:
நேச்சர் அறிவியல் இதழில் 2006ல் வந்த, லெஸ்னே என்ற ஆய்வாளரின் குழு எழுதிய கட்டுரையை 2024 ஜூனில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அமிலாய்டு என்பது அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் புரதம்; எலிகளின் நினைவாற்றலைக் கெடுக்கும் அதன் ஒரு வகையைப் பிரித்தெடுத்ததாகச் சொன்ன கட்டுரை. படங்களில் திருத்தம் செய்த தடயங்கள் இருந்தன. அமிலாய்டு படிவதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று 1992 முதல் ஒரே பாட்டு. வேறு பாதையில் தேடியவர்களுக்குப் பணம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. போன வருடங்களுக்கு யார் பதில் சொல்வது?

மீனாட்சி:
கதிர், அந்தக் கட்டுரை ஒரு கிளைதான், வேர் இல்லை. அமிலாய்டுக்கு மூலமான புரதத்தின் மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மற்றவர்களைப் போல இரண்டல்ல, மூன்று. நாற்பது வயதுக்குள் அவர்களில் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் படிவு வந்துவிடுகிறது. அதே மரபணுவில் ஐஸ்லாந்தில் சிலருக்கு இருக்கும் ஒரு மாற்றம் அமிலாய்டைக் குறைக்கிறது. அவர்களுக்கு அல்சைமர் வருவதும் குறைவு. 2012ல் தெரியவந்தது இது. இதையெல்லாம் எந்தப் படத் திருத்தத்தாலும் உண்டாக்க முடியாது.

கதிர்வேலன்:
சரி, காரணம் அதுவென்றால் அதை எடுத்ததும் நோய் நிற்க வேண்டாமா? அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் என்ற ஊசி மருந்தின் சோதனையில் 1,795 பேர், 18 மாதம். படிவு ஸ்கேனில் நன்றாகவே கரைந்தது. ஆனால் நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் கிடைத்த வித்தியாசம் 0.45. அந்த அளவுகோலில் நினைவு, திசை தெரிவது, வீட்டு வேலை என்று ஆறு தலைப்பு. ஒரு தலைப்பில் ஒரு படி இறங்கினாலே அரைப் புள்ளி போய்விடும். அந்த ஒரு படிகூடத் தேறவில்லை! மருந்து எடுத்தவர்களில் 12.6% பேருக்கு மூளையில் வீக்கம் வேறு.

மீனாட்சி:
அது சராசரி. சரிவு 27% மெதுவானது என்பதும் அதே கணக்குதான். வெள்ளம் வந்த பிறகு அணை போட்டால் இவ்வளவுதான் கிடைக்கும்.

கதிர்வேலன்:
முன்கூட்டியே போட்டும் பார்த்தார்களே. அறிகுறி இல்லாதவர்களுக்கு சொலனெசுமாப் என்ற இன்னொரு அமிலாய்டு மருந்தைக் கொடுத்தார்கள், 2023ல் தோல்வி.

மீனாட்சி:
அந்த மருந்து படிவைக் கரைக்கவே இல்லையே, படிவு கூடிக்கொண்டுதான் போனது. அதை வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்வீர்கள்?

ஜானகி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எங்க அத்தைக்கு (மாமியார்) 76 வயசு. சாயங்காலம் ஆனா சுருக்குப்பையை இடுப்பில செருகிக்கிட்டு வாசல்ல நிப்பாங்க, "வீட்டுக்குப் போகணும், பஸ்ஸு போயிடும்"னு. பையைப் பிரிச்சா நாலு அரிசியும் ஒரு பழைய டிக்கெட்டும். நான் யாருன்னு தெரியாது. இந்த ஊசி அவங்களுக்கு உதவுமா?

மீனாட்சி:
இல்லைங்க அக்கா. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத்தான் அதைச் சோதித்தார்கள், அவர்களுக்குத்தான் அனுமதியும்.

கதிர்வேலன்:
இதில் நானும் மீனாட்சி பக்கம்தான். ஆசை காட்டி யாராவது கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் அக்கா.

மீனாட்சி, கொலம்பியா பெண்மணிக்கு என்ன சொல்கிறீர்கள்? அந்நாட்டு மெடலின் நகரில் நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபெரா பல வருடம் பின்தொடர்ந்த குடும்பங்களில் ஒருவர். நாற்பதுகளிலேயே நினைவைப் பறிக்கும் மரபணு மாற்றம் அவருக்கும் இருந்தது. மூளை நிறைய அமிலாய்டு. ஆனாலும் எழுபது வயதுக்கு மேல்தான் லேசான மறதி தொடங்கியது. அமிலாய்டே கொல்கிறது என்றால் அவர் எப்படித் தப்பினார்?

மீனாட்சி:
அவரைத்தான் நானும் சாட்சிக்கு அழைப்பேன். அவருக்கு அபோஈ (APOE) என்ற வேறொரு மரபணுவில் கிறைஸ்ட்சர்ச் என்ற அரிய மாற்றம், இரண்டு பிரதியிலும். அமிலாய்டு நிறைந்திருந்தும், டௌ என்ற இன்னொரு மூளைப் புரதம் அதிகம் பரவவில்லை. நரம்பணுக்களைக் கொல்வது டௌ, அதைக் கிளப்பிவிடுவது அமிலாய்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கண்ணி அவரிடம் அறுந்திருந்தது.

கதிர்வேலன்:
அப்படியென்றால் மருந்து அந்தக் கண்ணிக்குத்தானே தேவை? அமிலாய்டை அப்படியே விட்டும் அவர் முப்பது வருடம் நன்றாக இருந்தார். லெகனெமாப் அதைக் கரைத்தும் 0.45தான். நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த பணம் அந்தக் கண்ணிக்குப் போகட்டும்.

மீனாட்சி:
போகட்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களில் இன்று முப்பது வயதில் இருப்பவர்களுக்கு அமிலாய்டு மருந்தே வேண்டாம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.